மலைத்தோட்டம் கேள்வி – பதில்: புளூபெர்ரித் துளிர் ஏன் வெளுக்கிறது?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தொட்டியில் வைத்த பெர்ரிச் செடிகளைப் பற்றியவை. அறிகுறிகள் வேறுவேறாக இருந்தாலும் பல கடிதங்களில் மூலக் கோளாறு ஒன்றே. அதனால் கோத்தகிரி வாசகிக்கு மட்டும் விரிவாக எழுதியிருக்கிறோம். மற்றவர்களும் அந்தப் பதிலைப் படித்துவிட்டுத் தங்கள் கேள்விக்கு வரவும்.

வணக்கம். ஒன்றரை வருடத்துக்கு முன்பு வாங்கிய புளூபெர்ரிச் செடியைப் பெரிய சிமென்ட் தொட்டிக்கு மாற்றினேன். மண், பக்கத்துக் கேரட் தோட்டத்தில் எடுத்தது. மாதம் ஒரு தடவை மாட்டு எரு, அவ்வப்போது முட்டை ஓட்டுத் தூள், அடுப்புச் சாம்பல் எல்லாம் போடுகிறேன். ஆனாலும் புதுத் துளிர் வெளிர் மஞ்சளாகவே வருகிறது. நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. அடி இலைகளில் குறை இல்லை. யூரியா போட்டுப் பார்த்தும் மாறவில்லை. என்ன சத்துக் குறை?
— வாசகி, கோத்தகிரி

நுனித் துளிர் மஞ்சள், நரம்பு பச்சை, அடி இலை நலம். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அது இரும்புச்சத்துக் குறை. ஓர் இலையில் சேர்ந்த இரும்பு அங்கேயே தங்கிவிடும், வேறு இலைக்கு நகராது. எனவே வேரிலிருந்து வரத்து நின்றதும் முதலில் வெளுப்பது புதுத் துளிர்தான். தழைச்சத்து இதற்கு நேர்மாறு. அது குறையும்போது செடி தன் அடி இலையிலிருந்து எடுத்துத் துளிருக்கு அனுப்பிவிடும்; அடி இலைதான் நரம்போடு சேர்ந்து முழுக்க மஞ்சளாகும். உங்கள் செடிக்குத் தழைச்சத்தில் குறை இல்லை. அதனால்தான் யூரியா பலிக்கவில்லை.

அதற்காக உங்கள் மண்ணில் இரும்பே இல்லை என்று எண்ண வேண்டாம். நம் மலைச் செம்மண்ணின் சிவப்பே இரும்பின் நிறம். மண் புளிப்பாக இருக்கும்வரை அது கரைந்து வேருக்குக் கிடைக்கும். புளிப்புக் குறையக் குறையக் கரையாமல் மண்ணிலேயே இறுகிவிடும். இந்தப் புளிப்பை அளக்கும் எண்தான் பிஎச், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். புளூபெர்ரிக்கு மண்ணின் பிஎச் 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். தேயிலைக்கும் ஏறக்குறைய இதே அளவுதான். பிஎச் 6ஐத் தாண்டியதும் நீங்கள் சொல்லும் மஞ்சள் தொடங்கும். 7ஐத் தொட்டால் துளிர் வெள்ளையாகி ஓரம் கருகும்.

மற்றச் செடிகள் தாங்கும் மண்ணை இது மட்டும் தாங்காததற்கு வேரின் அமைப்பு ஒரு காரணம். புளூபெர்ரி வேர் மெல்லிய நார்க்கொத்து. அதில் வேர்த்தூவிகள் கிடையாது. வேரோடு ஒட்டி வாழும் ஒருவகைப் பூஞ்சைதான் சத்தை எடுத்துக் கொடுக்கிறது, அதற்கும் புளிப்பு மண்தான் பிடிக்கும். அமெரிக்காவில் காட்டுச் செடியாக இருந்த இதைத் தோட்டத்துக்குக் கொண்டுவர முயன்ற பிரெடரிக் கோவில் என்ற தாவரவியலாளர், வளமான தோட்ட மண்ணில் இது நலிந்துபோவதையும் புளிப்பான காட்டு மக்கில் செழிப்பதையும் சோதித்து 1910இல் வெளியிட்டார். எலிசபெத் ஒயிட் என்ற பெண் விவசாயியோடு சேர்ந்து அவர் வளர்த்த செடிகளின் முதல் விளைச்சல் 1916இல் சந்தைக்கு வந்தது. உரம் போட்டு வளப்படுத்திய மண் இதற்கு ஆகாது என்பது அன்றே தெரிந்த விஷயம். நம் ஊர்ச் சோலை ஓரங்களிலும் புளூபெர்ரியின் நெருங்கிய உறவான வேக்சினியம் செடிகள் தாமாகவே வளர்கின்றன. சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசும் அதே குடும்பம். அவற்றுக்கு யாரும் எருவும் போடுவதில்லை, சாம்பலும் தூவுவதில்லை.

இப்போது உங்கள் தொட்டிக்கு வருவோம். அதில் சுண்ணாம்பு நான்கு வழிகளில் சேர்ந்திருக்கிறது. முதலாவது தொட்டியே. சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு ஒவ்வொரு முறை நீர் ஊற்றும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மண்ணில் இறங்கும். புதுத் தொட்டியானால் இன்னும் அதிகம். இரண்டாவது கேரட் தோட்டத்து மண். காய்கறி நிலத்தில் புளிப்பை முறிக்கச் சுண்ணாம்போ டோலமைட்டோ போடுவது மலையில் வழக்கம். கேரட்டுக்கு அது சரி, புளூபெர்ரிக்கு நேர் எதிரி. முட்டை ஓடு மூன்றாவது, அடுப்புச் சாம்பல் நான்காவது. மாட்டு எருவையும் நிறுத்துங்கள். அதிலுள்ள உப்பு இந்த மெல்லிய வேரைச் சுடும், பிஎச்சையும் ஏற்றும். ரோஜாவுக்கு நீங்கள் செய்யும் நல்லதெல்லாம் இதற்குக் கெடுதல். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறோம், ஏனென்றால் அக்கறையாகப் பார்த்துக்கொள்பவர்கள் வீட்டில்தான் இந்தச் செடி அதிகம் சாகிறது.

எதையும் மாற்றும் முன் அளந்து பாருங்கள். தொட்டியில் நான்கு விரல் ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து, அதைப்போல் இரண்டு பங்கு பேட்டரி தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். பேட்டரிக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீரைத்தான் சொல்கிறோம், ஆசிட்டை அல்ல. அரை மணி நேரம் தெளியவிட்டு மேல்நீரில் பிஎச் தாளைத் தொட்டுப் பாருங்கள். ஆய்வுக்கூடப் பொருள்கள் விற்கும் கடைகளில் தாள் கிடைக்கும். இரண்டு கம்பிகளை மண்ணில் குத்திப் பார்க்கும் மலிவு மீட்டரை நம்ப வேண்டாம். தாள் கிடைக்காவிட்டால் காய்ந்த மண் ஒரு ஸ்பூன் எடுத்து அதன்மேல் வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு மிக அதிகம். நுரைக்காவிட்டால் மண் சரி என்று பொருளல்ல. கொஞ்சமாக இருக்கும் சுண்ணாம்பை இந்தச் சோதனை காட்டாது. நீங்கள் ஊற்றும் தண்ணீரையும் தாளில் பாருங்கள். மலை ஊற்றுநீர் பெரும்பாலும் மென்மையானது, ஆனால் அதுவே சிமென்ட் தொட்டியில் நாள்கணக்கில் கிடந்தால் சுண்ணாம்பை வாங்கிக்கொள்ளும்.

கந்தகம் போட்டால் பிஎச் இறங்கும் என்று சிலர் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். ஆனால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் கந்தகத்தை அமிலமாக்கினால்தான் பலன் தெரியும். அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும், மலைக்குளிரில் அதற்கு மேலும் ஆகலாம். சிமென்ட் தொட்டியில் அது வீண் வேலை. கந்தகம் புளிப்பாக்குவதைத் தொட்டிச் சுவர் முறித்துக்கொண்டே இருக்கும். உங்கள் செடியை வேறு தொட்டிக்கு மாற்றுவதே வழி.

பிளாஸ்டிக் தொட்டி, பாதியாக வெட்டிய டிரம், துணி வளர்ப்புப் பை எதுவானாலும் சரி. இந்த வயதுச் செடிக்கு 20 லிட்டர் போதும், மூன்று நான்கு வருடத்தில் 40 லிட்டருக்கு மாற்றலாம். ஆழத்தைவிட வாய் அகலம் முக்கியம், வேர் மேலாகத்தான் பரவும். கலவைக்கு, நன்கு மக்கிய சில்வர் ஓக் இலை அல்லது பைன் பட்டைத் துண்டு இரண்டு பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, டோலமைட் போடாத தேயிலைத் தோட்டத்து மேல்மண் ஒரு பங்கு, பெர்லைட் அல்லது கருங்கல் பருமணல் ஒரு பங்கு. தேயிலைத் தோட்டங்களிலும் சில வருடங்களுக்கு ஒருமுறை டோலமைட் போடுவார்கள், கேட்டுவிட்டு எடுங்கள். நார்க்கழிவை ஒரு நாள் ஊறவைத்து நீரை வடித்துவிடுங்கள், இதை மூன்று தடவை செய்யுங்கள். கழுவாததில் உப்பு நிறைய இருக்கும். கற்பூர மர (யூகலிப்டஸ்) இலை மக்கு வேண்டாம், அதிலுள்ள எண்ணெய்ப் பொருள்கள் மற்றச் செடிகளின் வேரை அடக்கும். சோலைக்குள்ளோ புல்வெளிச் சதுப்பிலோ போய் மண் வெட்டுவதும் வேண்டாம். அந்த மக்கு சேர நூற்றாண்டுகள் ஆகியிருக்கும், மலையின் நீரைப் பிடித்து வைத்திருப்பதும் அதுதான்.

செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து எடுத்து, வேரிலுள்ள பழைய மண்ணை மழைநீரில் அலசிக் கழற்றுங்கள். வேரைப் பிய்க்காமல் வருகிற அளவு வந்தால் போதும். பழைய தொட்டியில் எவ்வளவு ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் வைத்து, மேலே இரண்டு அங்குலம் பைன் ஊசியிலையைப் பரப்புங்கள். இரண்டு வாரம் அரைநிழல்.

வேர் பிடிக்கும்வரை இலைக்கு அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கொடுக்கலாம். ஒரு லிட்டர் மழைநீரில் 1 கிராம் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்து, பிறகு 3 கிராம் அன்னபேதியைக் கரையுங்கள். இந்த வரிசையை மாற்றினால் அன்னபேதி துருநிறமாகி வீணாகும். கரைத்த உடனே, மாலை வெயில் தாழ்ந்தபின் தெளிக்க வேண்டும். முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்து, இரண்டு நாள் கழித்துக் கருகல் இல்லையென்றால் மற்றவற்றுக்கு. பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை போதும். சுவரிலும் தரையிலும் பட்டால் கறை போகாது. செலேட் இரும்பு (மண்ணில் இறுகாதபடி வேறொரு பொருளோடு பிணைத்த இரும்பு) வாங்குவதானால் கேட்டு வாங்குங்கள்: இடிடிஏ வகை புளிப்பு மண்ணில்தான் வேலை செய்யும், இடிடிஎச்ஏ வகை பிஎச் ஏறிய மண்ணிலும் வேலை செய்யும்.

புதுத் துளிர் வந்தபின், ஒரு லிட்டர் நீருக்கு 1 கிராம் அம்மோனியம் சல்பேட் கரைத்து, 15 நாளுக்கு ஒருமுறை 2 லிட்டர் ஊற்றுங்கள். பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரை கொடுத்தால் போதும், குளிரில் வேண்டாம். புளூபெர்ரி தழைச்சத்தை அம்மோனியமாகவே எடுத்துக்கொள்ள விரும்பும், மண்ணும் புளிப்பாகவே இருக்கும். கேரட்டுக்குப் போடும் கால்சியம் நைட்ரேட் பக்கமே போக வேண்டாம்.

காப்பி, டீத்தூள் சக்கையைப் போட்டால் மண் புளிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. வடித்த சக்கையில் புளிப்பு ஏறக்குறைய இருக்காது. கெட்டியாகப் படிந்து காற்றை அடைப்பதுதான் மிச்சம். பழுத்த மஞ்சள் இலை எல்லாம் பச்சையாகத் திரும்பும் என்று காத்திருக்க வேண்டாம். நான்கைந்து வாரம் கழித்து வரும் துளிரின் நிறத்தைப் பாருங்கள், வைத்தியம் பலித்ததா என்பதை அதுதான் சொல்லும்.

டிசம்பர் வந்ததும் புளூபெர்ரி இலை எல்லாம் சிவந்துவிட்டது. சில கிளை நுனி கறுத்துத் தொங்குகிறது. நோயா? வெட்டிவிடலாமா?
— வாசகர், உதகை

இரண்டும் வெவ்வேறு. குளிரில் இலை சிவப்பது இந்தச் செடியின் இயல்பு. இலை விறைப்பாக இருந்து, வெயில் படும் பக்கம் அதிகம் சிவந்து, மொட்டுகள் பருத்திருந்தால் கவலையே வேண்டாம். பிப்ரவரி கடைசியில் வெயில் ஏறியதும் மாறும்.

கறுத்த நுனி உறைபனியால் வந்தது. காலையில் இலை வெந்த கீரைபோல் நீர்கோத்துத் தெரியும், மதியத்துக்குள் கருகும். இப்போது வெட்டாதீர்கள். வெட்டினால் அதன் கீழிருந்து இளந்துளிர் கிளம்பும், அடுத்த பனியில் அதுவும் போகும். தவிர, புளூபெர்ரியின் பூ மொட்டுகள் கிளை நுனியில்தான் இருக்கும். எது செத்தது, எது பிழைத்தது என்பது பிப்ரவரி முடிவில் தெளிவாகத் தெரியும், அப்போது உயிருள்ள மொட்டுக்குச் சற்று மேலே வெட்டலாம்.

தொட்டி என்பதால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு, மாலையில் தாழ்வாரத்துக்குள் நகர்த்திவிடலாம். நகர்த்த முடியாதென்றால் நான்கு குச்சி நட்டு, இலையில் படாமல் பழைய போர்வையையோ சாக்கையோ தரைவரை தொங்கவிட்டு மூடுங்கள். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும். உதகைத் தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் மலர்ச் செடிகளைக் கோத்தகிரி மிலார் செடிகளால் மூடி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தழை மூடல் தொட்டிக்கும் நன்றாகப் பொருந்தும், காற்றும் புகும். மூடியதைக் காலை ஒன்பது மணிக்குள் எடுத்துவிடுங்கள். பனி விழும் என்று தெரிந்தால் அன்று பகலிலேயே தொட்டிக்கு நீர் ஊற்றி வையுங்கள். ஈரமண் பகல் சூட்டைப் பிடித்து இரவில் மெல்ல விடும், காய்ந்த மண் விரைவில் குளிர்ந்துவிடும். கிழக்கு வெயில் நேராகப் படும் இடமும் நல்லதல்ல. உறைந்த இலைமேல் திடீரென்று வெயில் பட்டால் சேதம் கூடும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு செடி வாடிக்கொண்டே போகிறது. மண் ஈரமாகத்தான் இருக்கிறது. வாடுகிறதே என்று தினமும் தண்ணீரும் ஊற்றுகிறேன்.
— வாசகர், குன்னூர்

தண்ணீரை இன்றே நிறுத்துங்கள். ஈர மண்ணில் வாடினால் வேர் அழுகியிருக்கலாம். ஆனால் அதே அறிகுறி காட்டும் இன்னொன்றும் உண்டு. நார்க்கழிவு அதிகமுள்ள கலவை ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் மறுபடி நீரை ஏற்காது. ஊற்றும் நீர் தொட்டி ஓரமாக வழிந்து அடியில் வெளியேறும், நடுவில் வேர்க்கட்டி மட்டும் காய்ந்தே கிடக்கும். மூங்கில் குச்சியை நடுவில் அடிவரை குத்தி ஐந்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். காய்ந்து வந்தால் தொட்டியை ஒரு வாளி மழைநீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வைத்து எடுத்தால் செடி பிழைக்கும். மழைக்காலம் முடிந்த உங்கள் தொட்டியில் அதற்கு வாய்ப்புக் குறைவுதான், இருந்தாலும் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள்.

குச்சி சேறாக வந்து நாற்றமும் அடித்தால் செடியைக் கவிழ்த்து எடுங்கள். நல்ல வேர் இளமஞ்சள் அல்லது வெளிர் பழுப்பு, இழுத்தால் அறாது. அழுகிய வேர் கறுத்திருக்கும். விரலால் இழுத்தால் தோல் உறைபோலக் கழன்று நடுநரம்பு மட்டும் நிற்கும். கறுத்ததை எல்லாம் ஸ்பிரிட் துடைத்த கத்தரியால் வெட்டி, நல்ல வேர் தெரியும்வரை போங்கள். பாதிக்கு மேல் வேர் போயிருந்தால் மேலேயும் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கையாவது குறைக்க வேண்டும், மிஞ்சிய வேரால் அத்தனை இலைக்கும் நீர் கொடுக்க முடியாது. மிஞ்சிய வேருக்கு ஏற்ற சிறு தொட்டியில், முதல் பதிலில் சொன்ன புதுக் கலவையில் வையுங்கள். பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து மறுபடி அழுகும். ஆறு வாரம் உரம் கூடாது. டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைப் புதுக் கலவையில் சேர்க்கலாம். அது இனி அழுகாமல் காக்க உதவும், செத்த வேரை உயிர்ப்பிக்காது. பழைய மண்ணை வேறு தொட்டிக்குப் பயன்படுத்தாதீர்கள்.

அழுகல் வந்த வழியையும் அடைக்க வேண்டும். உங்கள் தொட்டி தரையில் நேராக உட்கார்ந்திருக்கிறதா, அடியில் தட்டு வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். மூன்று செங்கல் துண்டுமேல் தூக்கி வைத்தால் துளை திறந்திருக்கும். ஒரே துளை போதாது, விரல் பருமனில் ஐந்தாறு வேண்டும். அடியில் ஜல்லி போடும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. அதனால் நீர் நன்றாக வடியும் என்று நினைக்கிறோம், நடப்பது வேறு. மேலே உள்ள மண் முழுக்க நனைந்து நிரம்பாமல் நீர் ஜல்லிக்குள் இறங்காது. ஆகவே சொதசொதவென்ற பகுதி ஜல்லிக்கு மேலே, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கும். துளைமேல் ஒரு துண்டு வலை போட்டு, அடியிலிருந்தே கலவையை நிரப்புங்கள்.

இலை ஓரமும் நுனியும் தீய்ந்ததுபோல் பழுப்பாகிறது. காப்பிக்குப் போட்ட 17:17:17 உரத்தில் ஒரு கைப்பிடி இதற்கும் போட்டேன். பத்து நாளில் இப்படி ஆகிவிட்டது.
— வாசகர், தாண்டிக்குடி

உரச் சூடுதான். ஒரு கைப்பிடி என்பது சுமார் 50 கிராம்; தொட்டிக்கு அது மிக அதிகம். அத்துடன் இந்த உரத்தில் சாம்பல்சத்து (பொட்டாஷ்) பெரும்பாலும் குளோரைடு வடிவில் இருக்கும், புளூபெர்ரிக்குக் குளோரைடு ஆகவே ஆகாது. மேலே கரையாமல் கிடக்கும் குருணையை மண்ணோடு ஓர் அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு மழைநீரை ஒரு மணி நேரத்தில் சிறிது சிறிதாக ஊற்றி அடிவழியே வெளியேற்றுங்கள். 20 லிட்டர் தொட்டிக்கு 40 லிட்டர். மூன்று நாள் கழித்து இன்னொரு தடவை. தீய்ந்த ஓரம் மாறாது. புது இலை சுத்தமாக வந்தால் தப்பியது. இனி சாம்பல்சத்து தேவைப்பட்டால் பொட்டாசியம் சல்பேட் வாங்குங்கள். குளோரைடு வடிவிலுள்ள மியூரேட் ஆஃப் பொட்டாஷ் வேண்டாம்.

கண்ணாடி வராந்தாவில் வைத்திருக்கும் செடி நிறையப் பூக்கிறது. பத்து நாளில் எல்லாம் உதிர்ந்துவிடுகிறது. காய் இரண்டு மூன்றுதான்.
— வாசகி, கொடைக்கானல்

தேனீ உள்ளே வர வழியில்லை, அதுதான் குறை. புளூபெர்ரிப் பூ தலைகீழாகத் தொங்கும் சிறு மணி. மகரந்தம் உப்புக் குப்பியில் இருப்பதுபோல் மகரந்தப் பைகளுக்குள் இருந்து, நுனித் துளைவழியே அதிர்வில்தான் கொட்டும். பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைக்கும் நீலக்கோட்டுத் தேனீ போன்றவை இதை நன்றாகச் செய்யும். பூக்கும் காலத்தில் பகலில் தொட்டியை வெளியே வையுங்கள், மழை பெய்தால் உள்ளே எடுங்கள். பாலிஹவுஸில் வளர்ப்பவர்களுக்கும் இதே பதில்தான், பக்கவாட்டுத் திரையைப் பகலில் சுருட்டிவிடுங்கள்.

வெளியே வைக்க முடியாதபோது கையால் செய்யலாம். காலை பத்து மணிக்கு மேல், காய்ந்த பூவாகப் பார்த்து, கட்டைவிரல் நகத்தைப் பூ வாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு பூக்காம்பை இரு விரலால் மெல்ல உருட்டுங்கள். வெளிர்மஞ்சள் தூள் நகத்தில் விழும். அதை அடுத்த பூவின் நடுவில் நீண்டிருக்கும் சூல்முடியில் தொட்டு வையுங்கள். பூ விரிந்த மூன்று நாளுக்குள் செய்ய வேண்டும். வேறு ரகச் செடி ஒன்று பக்கத்தில் இருந்து அதன் மகரந்தத்தைத் தொட்டால் காய் பருமனாக வரும்.

ரகத்தையும் சொல்லியாக வேண்டும். புளூக்ராப், டியூக் போன்ற வடக்கத்திய ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழான குளிர் 800 மணி நேரம் அளவுக்குத் தேவை. நம் மலைக்கு அவை ஒத்துவராது. மிஸ்டி, ஷார்ப்புளூ, பிலாக்ஸி போன்ற குறைந்த குளிர் போதுமான ரகங்களைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் செடி நிறையப் பூக்கிறது என்பதால் ரகத்தில் குறை இருக்காது.

என் செடி பூக்கவே இல்லை. மார்கழியில் தேயிலைக்குச் செய்வதுபோல் ஒரே மட்டமாகக் கவாத்து செய்தேன். இலை நன்றாக வருகிறது.
— வாசகர், குந்தா

கொழுந்து பறிக்கும் செடிக்கான கவாத்து இது. சென்ற பருவத்துக் கிளையின் நுனியில்தான் புளூபெர்ரி மொட்டு வைக்கும் என்று மேலே சொன்னோம். மட்டம் வெட்டியபோது அந்த வருடத்துப் பழம் முழுவதும் போய்விட்டது. இந்த வருடம் கத்தியே படக் கூடாது. அடுத்த வருடத்திலிருந்து பழம் பறித்து முடிந்ததும், மிக முதிர்ந்து பட்டை சாம்பல் நிறமான ஒன்றிரண்டு தண்டுகளை மட்டும் அடியோடு எடுங்கள்.

தொட்டி ராஸ்பெர்ரியில் பழம் பறித்ததும் அந்தத் தண்டே காய்ந்துவிடுகிறது. பக்கத்தில் புதுத் தண்டு வருகிறது.
— வாசகி, வெலிங்டன்

அது சாவல்ல, அதன் வாழ்க்கை முறை. ராஸ்பெர்ரியின் வேர் நீண்டநாள் வாழும், தண்டுக்கு ஆயுள் இரண்டு வருடம்தான். பழம் தந்த தண்டை மண்மட்டத்தில் வெட்டிவிட்டு, புதுத் தண்டுகளில் தடித்த நான்கைந்தை மட்டும் விடுங்கள். புளூபெர்ரிக்குச் சொன்ன அளவு புளிப்பு இதற்குத் தேவையில்லை, பிஎச் 6 அருகே இருந்தால் நலம். ஆகவே இரண்டையும் ஒரே தொட்டியில் சேர்க்க வேண்டாம்.

செடி ஆடுகிறது. தொட்டால் கையோடு வருகிறது. கிளறினால் வளைந்த வெள்ளைப் புழுக்கள்.
— வாசகர், கேத்தி

உருளைக்கிழங்கைக் கடிக்கும் அதே வண்டின் வேர்ப்புழுதான். சரியாக மக்காத எருவோடு தொட்டிக்குள் வந்திருக்கும். முழுக் கலவையையும் தாளில் கொட்டிக் கையால் பொறுக்குவதே நிச்சயமான வழி. 20 லிட்டர் மண்ணுக்கு அரை மணி நேரம் போதும். வேரில் ஒட்டியிருப்பதையும் அலசிப் பாருங்கள். புதுக் கலவையில் மெட்டாரைசியம் பூஞ்சைத் தூளைச் சேர்க்கலாம், அது ஈரத்தில்தான் வேலை செய்யும். மே, ஜூன் மழையில் வண்டுகள் முட்டையிட வரும்போது தொட்டி வாயைக் கொசுவலையால் மூடிக் கட்டுங்கள்.

பழம் நீலமானதும் பறிக்கிறோம். ஒரே புளிப்பு. மண் புளிப்பு பழத்தில் ஏறிவிட்டதா?
— வாசகி, அருவங்காடு

மண்ணின் புளிப்புக்கும் பழத்தின் புளிப்புக்கும் தொடர்பில்லை. அவசரப்பட்டுப் பறிக்கிறீர்கள். நிறம் முழுக்க நீலமான பிறகும் ஐந்தாறு நாள் செடியிலேயே விடுங்கள். காம்பு ஒட்டிய இடத்தில் சிவப்பு வளையம் தெரிந்தால் இன்னும் பழுக்கவில்லை. பறித்து வைத்தால் மிருதுவாகும், இனிப்பு ஏறாது. விரல் பட்டதும் உருண்டு கையில் விழுந்தால் அன்று பறிக்கலாம். அந்த ஐந்தாறு நாளில் சின்னான் குருவிகள் முந்திக்கொள்ளும், ஆகவே நிறம் மாறத் தொடங்கும்போதே வலை போட்டுவிடுங்கள். வலையைத் தொட்டி விளிம்போடு இழுத்துக் கட்டுங்கள். தளர்ந்து தொங்கினால் குருவி சிக்கிச் சாகும்.